கோழி என்னும் கப்பலின் அடுப்படி

கப்பலில் வேலை பார்த்தும் கடலைப் பார்க்காத ஒரே ஜென்மம் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன்தான். ஊரில் யாராவது என்னிடம் "கடல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூடாக இருந்தது" என்பேன். இரும்புச் சுவருக்கு அந்தப்பக்கம் சலசலக்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கடல். மிட்டாய்க்கடைச் சட்டிக்கு முன்னால் நிற்பவர்களே, கொல்லுப்பட்டறைக்காரர்களே, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மார்களே, நாமெல்லாம் ஒரே சாதி. உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் அனல் படாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

இதுதான் கப்பலா?

நான் ஆம்பூர்க்காரன். பேர் பொன்னுரங்கம். ஜோலார்பேட்டை ரயில் கொட்டடியில் இஞ்சினுக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஓர் ஏஜெண்டு வந்து, பம்பாயில் கப்பல் வேலை இருக்கிறது, வெயிலில் நிற்க வேண்டியதே இல்லை என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம் சில வருஷங்களுக்கு வெயில் என் கண்ணில் சரியாகப் படவே இல்லை.

பம்பாய்த் துறையில் என்னை ஒரு குட்டைப் படகுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். இதில் ஏறித்தான் பெரிய கப்பலுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கரையிலேயே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அதுதான் கப்பல். சீமையில் குளிர்க் கடலில் மீன் பிடிப்பதற்காகக் கட்டினதாம். சண்டை வந்ததும் சர்க்கார் அதை எடுத்து, மூக்கில் ஒரு பீரங்கியை வைத்து, சாம்பல் வர்ணம் பூசி, இங்கே அனுப்பிவிட்டது. எதிரிகள் துறைமுகத்து வாசலில் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றைத் தேடி எடுப்பது இதன் உத்தியோகம். விலாவில் இங்கிலீஷில் ஏதோ நீளமாகப் பேர் எழுதியிருந்தது. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இன்னாபா, எவ்ளோ நேரம் இப்படியே குந்திக்கினு இருப்ப?" என்று தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவு பெரிய பம்பாய் இரைச்சலில் அந்த 'இன்னா' காதில் விழுந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்தான் கரீம் பாய். கப்பலின் சமையல்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவருக்கும் ஆம்பூர்தான். கப்பலுக்கு என்ன பேர் என்று கேட்டேன். கையிலிருந்த கரண்டியால் அதன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"தொரைங்க இன்னா பேர் வேணா வெச்சிக்கட்டும். நாள் பூரா கடலைக் கிளறிக்கினே இருக்குது, நமக்கு இது கோழி."

மேலே ஒரு வாய்

கோழி தனியாகக் கிளறாது. அதே அச்சில் இன்னொரு கப்பல் ஜோடியாக வரும். அதற்கு வாத்து என்று பேர் வைத்திருந்தோம். இரண்டும் பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு நீளமான கம்பி வடத்தைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஏரில் ஒரு மாடு முந்தினால் உழவு கோணிப்போகும் இல்லையா, அதே கணக்கு. வெடியைக் கடலடியில் கட்டிவைத்திருக்கும் சங்கிலியில் வடம் மாட்டி அறுத்தால், வெடி மேலே மிதந்து வரும். தூரத்திலிருந்து சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். வடத்தில் மாட்டாமல் கப்பலின் வயிற்றில் மாட்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது.

கிளறும் நேரத்தில் எல்லாரும் தண்ணீரில் மிதக்கவைக்கும் தக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் என்றால், அடுப்புக்காரன் ஒருத்தனைத் தவிர. ஆவி குறையக் கூடாதே! முதல் தடவை அப்படித் தனியாகக் கீழே நின்றபோது, அந்த அனலிலும் எனக்குப் பல் கிட்டிப்போயிற்று. அப்போது ஏணிக்கு மேலே, திறப்பின் ஓரமாக யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. "பொன்னு, இங்கதான் கீறேன்" என்று கரீம் பாய் கத்தினார். கிளறும்போது சமையல் அடுப்பை அணைத்துவிடுவதால் அவருக்கு வேலை இல்லை. எங்கள் ஜோடிக் கப்பல்களில் கூலிக்காரர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. கீழே இருப்பவனுக்காக மேலே ஒரு வாய் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு தலையில் விழுந்துகொண்டே இருந்தால், மேலே உலகம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாய் பேசினதெல்லாம் ஒரே விஷயம். அவர் பெண்சாதி ஜுலேகா. வேலூர்க் கடைவீதியில் அத்தர் விற்கிறவரின் மகள். இவரோ ஆம்பூர்த் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தவர். அந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு. தினமும் சாயங்காலம் ஜுலேகா பின்வாசலில் ஓர் அண்டா சுடுதண்ணீர் வைத்திருப்பாள். பாய் பின்பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஒருநாள் வேலூரிலிருந்து மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்த சந்தோஷத்தில் பாய் நேராக முன்வாசலில் ஏறிவிட்டார். அத்தனை பேருக்கும் முன்னால் படுதாவுக்குப் பின்னாலிருந்து அவள், "பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டாள். மச்சான்மார் சிரித்தார்கள். பாய் திரும்பி நடந்தவர், பின்வாசலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போனார். மாதா மாதம் மணியார்டர் மட்டும் தவறாமல் போயிற்று, கூட ஒரு வார்த்தை போனதில்லை. இந்தக் கதையை அவர் எத்தனை தடவை ஏணி வழியாகக் கொட்டியிருப்பார் என்று எனக்கே தெரியாது. முடிக்கும்போது மட்டும் ஒரே மாதிரி முடிப்பார்:

"வாங்கன்னு அவ வாயால ஒரு வார்த்தை வரட்டும், அந்த நிமிஷமே போய்டுவேன். நானா போய் நிக்க மாட்டேன்."

ஆறு கொம்பு எருமை

ஒருநாள் விடியற்காலை. மழை பெய்து ஓய்ந்து கடலெல்லாம் மூட்டமாக இருந்தது. கோழி நங்கூரம் போட்டு நின்றது. நான் மூச்சு வாங்க மேலே வந்திருந்தேன். ஆம்பூர்க்காரன் கண்ணுக்குக் கறுப்பாக உருண்டையாக எது தெரிந்தாலும் அது தோல்தான். பாய் என் தோளை அழுத்திக் காட்டினார். தண்ணீரில் முதுகு மட்டும் தெரிய ஒரு பெரிய எருமை உப்பி மிதந்து வந்துகொண்டிருந்தது. கொம்புகூடத் தெரிந்தது. மழை வெள்ளத்தில் ஏதோ ஓடை வழியாகச் செத்து மிதந்து வந்திருக்க வேண்டும் என்று இருவரும் ஒரே வாயாக முடிவு கட்டினோம்.

"உப்புத் தண்ணில ஊறியிருக்குது, தோல் கெட்டிருக்காது" என்றார் பாய். ஒரு நீள மூங்கிலில் கொக்கியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பக்கவாட்டில் குனிந்து கொக்கியை நீட்ட, நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். செருப்பின் அடித்தோலுக்குத் தேறுமா, வார் பட்டைக்குத் தேறுமா என்று எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது. கொக்கிக்கும் எருமைக்கும் இன்னும் ஓர் ஆள் நீளத் தூரம் இருக்கும்போது மேலே கேப்டன் துரை அலறின அலறலில் மூங்கில் கை நழுவிவிட்டது. அடுத்த நிமிஷம், கப்பல் ஆட்களுக்குத் தலைவரான செராங் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தளத்தில் அமுக்கினார்.

கோழியை அரக்கப்பரக்கப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். எருமை வெடித்தது. கடலே எழுந்து நின்று உட்கார்ந்தது. இரும்புத் துண்டுகள் எங்கள் முதுகின் மேல் உதிர்ந்தன. கண்ணிவெடிக்கு உடம்பெல்லாம் கொம்பு இருக்கும் என்றும், அதில் ஒன்று நசுங்கினால் போதும் என்றும் செராங் அப்புறம் விளக்கினார். பாய் முதுகில் விழுந்த இரும்புத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஆறு கொம்பு எண்ணினேன் பொன்னு. எண்ணிட்டும், அட, நல்ல ஜாதி எருமைன்னு நெனச்சேன் பாரு."

துரை பேசின கதை

ஒரு வாரம் பாய் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று கிளறும் நேரத்தில் மற்ற எல்லாருக்கும் வடத்தில் வேலை. ஏணிக்கு மேலே யாரும் இல்லை. நான் அடுப்புக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக, முருகா முருகா என்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே ஒருவர் தொண்டையைக் கனைத்தார். கேப்டனுக்கு அடுத்த சின்னத் துரை. மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை. எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. உட்கார்ந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் பாதியில் ஒரு தடவை சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் குரல் கம்மிப்போயிற்று, மறுபடி பேசினார். நானும் கரியைத் தள்ளிக்கொண்டே ஆங், ஆங் என்றேன். கிளறி முடிந்ததும் அவர் ஏணியில் பாதி இறங்கிவந்து என் கரிக்கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மகாப் பெரிய ராணுவ ரகசியம் எதையோ என்னிடம் சொல்லிவிட்டாரோ என்று எனக்குக் கவலை. செராங்கைப் பிடித்துக் கேட்டேன். அவர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்:

"அவர் வீட்ல வளர்த்த நாய் செத்துட்டுதாம். மேல யார்கிட்டயும் சொல்ல வெக்கமா இருந்ததாம், உன்கிட்ட சொன்னாராம்."

வாத்து

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் மனசு ஒப்பாது.

பாய் மேலே உட்கார்ந்து மாமனாரின் அத்தர்க் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகை அத்தருக்கு எத்தனை கூடைப் பூ வேண்டும் என்று ஆரம்பித்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். உடனே சுவரில் யாரோ பெரிய சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். குவித்திருந்த கரியெல்லாம் என் கால்மேல் சரிந்தது. நாம்தான் போய்விட்டோம் என்று நினைத்தேன். உத்தரவாவது ஒன்றாவது, ஏணியில் ஏறிவிட்டேன். மேலே பாய் வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். வடத்தின் அந்த முனையில் வாத்து இல்லை. புகையும், பலகைகளும், தண்ணீரில் சில தலைகளும் மட்டும் தெரிந்தன.

முடிந்தவரை இழுத்துப் போட்டோம். அதில் அந்தோணியும் ஒருவன், நாகப்பட்டினத்து ஆள். வாத்தின் ஏணிக்கு மேல் உட்கார்ந்து பேசுகிறவன் அவன். கீழே கரி தள்ளினது மம்மது என்று ஒரு பையன், என் வயசு. மம்மது வரவில்லை. அந்தோணி எங்கள் தளத்தில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் வாயை வைத்து, ஊர்த் தேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தேர் எந்தத் தெருவில் திரும்பும், எங்கே பொரி நன்றாக இருக்கும் என்றெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். பாய் கம்பளியைப் போர்த்தி, தேநீரை நீட்டி, போதும்டா தம்பி என்றார். அவன் கையைத் தட்டிவிட்டான். அன்றைக்கு அவன் சொன்னது இதுதான்:

"சும்மா இருங்க. நான் பேச்சை நிறுத்தினா கீழ மம்மது பயந்துடுவான்."

படுதாவுக்குப் பின்னால்

அதற்கப்புறம் பாயின் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. மச்சான்மார் சிரித்த கதையை விட்டுவிட்டார். அவள் வைக்கும் தண்ணீரில் வேப்பிலை போட்டிருப்பாள், சோப்பு எங்கே இருக்கும், துண்டு எந்தக் கொடியில் இருக்கும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மம்மது போனதுபோல நாமும் போய்விட்டால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவோமே என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் ரோஷம் இறங்கவில்லை. எனக்கு ஆம்பூர் போக லீவு கிடைத்ததும் பக்கத்தில் வந்து, "சும்மா அந்தத் தெரு வழியா போ. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

போனேன். சாயங்கால நேரம், அவர் வீட்டு முன்வாசலில் நின்று, பாயோடு வேலை செய்கிறவன் என்று சொன்னதும் உள்ளே வளையல் சத்தம் சட்டென்று நின்றது. படுதாவுக்கு அடியில் ஒரு கை மட்டும் வந்து பானகத் தம்ளரை நகர்த்தி வைத்தது. "அவர் அனுப்பினாரா தம்பி?" என்று ஜுலேகா அக்கா கேட்டார். "இல்லக்கா, நானாத்தான் வந்தேன்" என்றேன். "அப்ப அவர்தான் அனுப்பியிருக்கார்" என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். அவரேதான் எங்களுக்குச் சமைக்கிறார் என்றேன். உள்ளே ஒரு சிரிப்பு வந்தது. "ஐயோ, அப்ப எல்லாரும் பட்டினிதான்."

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட பேசறாரா?" என்றார். ஓயாமல் பேசுகிறார் என்றேன். "என்கிட்ட நாலு வார்த்தை சேர்த்துப் பேசினதில்லை தம்பி. அங்க என்ன பேசறார்?" என்று கேட்டார். பாய் சொல்லியனுப்பின எச்சரிக்கையெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "உங்களைப் பத்திதான்க்கா. வேற ஒண்ணுமே பேசறதில்ல" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். படுதா கொஞ்சம் அசைந்து நின்றது.  கொல்லைப்பக்கத்திலிருந்து விறகுப் புகை வாசனை வந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் எதற்கு அடுப்பு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் எழுந்துகொண்டபோதுதான் அவர் பேசினார். குரல் உடைந்திருந்தது, கோபமும் இருந்தது:

"நான் பின்வாசலுக்குத்தான் போகச் சொன்னேன் தம்பி. பம்பாய்க்குப் போகச் சொல்லல."

வாசனை கப்பலேறி வந்தது

திரும்பிப்போய் இதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். பாய் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார். கண்ணில் வழிந்ததை வெங்காயத்தின் தலையில் போட்டார். "வாங்கன்னு சொன்னாளா?" என்றார். அந்த வார்த்தை வரவில்லை பாய் என்றேன். "அப்பறம் எப்படிப் போறது?" என்றார். இரண்டு பேரையும் நிற்கவைத்து உதைக்கலாமா என்று எனக்கு இருந்தது. மூத்தவர் என்பதால் சும்மா இருந்தேன்.

சண்டை முடிந்தது. அது வெடிகளுக்குத் தெரியாதே, அதனால் கோழி இன்னும் கொஞ்ச காலம் கிளறிற்று. பிறகு ஒருநாள் அதன் மூக்கிலிருந்த பீரங்கியைக் கழற்றினார்கள். வடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். துரைமார்கள் தொப்பியை எடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். பென்ஷன் ஆன பட்டாளத்துக்காரன் போல வெறும் மூக்கோடு கோழி நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு சேட் அதை வாங்கினார். எங்கள் இருவரையும் கப்பலோடு வைத்துக்கொண்டார். என்ன சரக்கு ஏற்றப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. முதல் மூட்டை தளத்தில் வந்து விழுந்ததும் பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

பச்சைத் தோல். உப்புப் போட்டுக் கட்டின ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், எருமைத் தோல். துறை துறையாக ஏற்றிக்கொண்டு மெட்ராஸில் போய் இறக்க வேண்டும். அங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டால், "ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை" என்று பாடம் ஒப்பித்தார் கணக்குப்பிள்ளை. அரிசியில், துணியில், படுக்கையில், தேநீரில் அந்த வாசனை ஏறிற்று. அத்தர் வீட்டு மாப்பிள்ளை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"இதுங்ககிட்டருந்து தப்பிச்சுத்தானே நான் கடலுக்கே ஓடியாந்தேன். இதுங்களும் டிக்கெட் எடுத்துக்கினு என் பின்னாடியே வந்துட்டுதுங்களே!"

ஆற்றில் முழுகின கப்பல்

தோல் உப்பு கோழியின் எலும்பைத் தின்றுவிட்டது. சில வருஷங்களில் அடித்தகடெல்லாம் ஓட்டை. கடைசியில் மெட்ராஸ் கரையில் இழுத்துப்போட்டு, பழைய இரும்புக்காரர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். நான் நின்ற அடுப்பு, பாய் உட்கார்ந்த இடம் எல்லாம் துண்டு துண்டாக வண்டி ஏறிற்று. நான் அழுதேன். இத்தனை நாள் ஒரு ஓட்டைக்கப்பல் என்னை முழுகவிடாமல் வைத்திருந்தது, அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது? வடத்தைச் சுற்றும் யந்திரத்துக்கு ஆவி கொடுத்த சின்னக் கொதிகலன் மட்டும் பிழைத்தது. கப்பல் பாஷையில் அதற்குக் கழுதை என்று பேர். ஆம்பூர்த் தோல் ஷாப் முதலாளி ஒருவர், தோலைப் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையை அரைக்கும் யந்திரத்துக்கும் கிணற்று பம்புக்கும் ஆகும் என்று அதை வாங்கி, அதோடு என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பாய் வர மாட்டேன் என்றார். பிறகு, கழுதைக்குத் துணையாகக் காட்பாடிவரை வருகிறேன் என்று கூட்ஸ் வண்டியில் ஏறினார். காட்பாடி வந்தது, இறங்கவில்லை. குடியாத்தம்வரை வருகிறேன் என்றார். குடியாத்தத்தில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். ஆம்பூரில் இறக்கும்போது, கயிறு பிடிக்க ஆள் கம்மியாக இருக்கிறது என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இறங்கினார். 

தோல் ஷாப் பாலாற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஜோடி ஜோடியாக மாடு பூட்டி, பார வண்டியில் கழுதையை ஏற்றி ஆற்றில் இறக்கினோம். நடு ஆற்றில் சக்கரம் மணலில் இறங்கினது இறங்கினதுதான், அச்சுவரை புதைந்துவிட்டது. தோல் ஷாப்பிலிருந்து அத்தனை ஆட்களும் சுண்ணாம்புக் கையோடு ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். பாயும் அவர்கள் நடுவில் நின்று தள்ளினார். வெயில் இறங்கும் நேரத்தில் அக்கரை சேர்ந்தபோது, கப்பலில் ஏறின தோல் வாசனையோடு சுண்ணாம்பும் வேர்வையும் சேர்ந்து அவர்மேல் பழைய வாசனையே முழுசாக வந்துவிட்டது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே கொதிகலனையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார்:

"சொட்டுத் தண்ணி இல்லாத ஆத்துல கப்பல் முழுகறதை இன்னிக்கித்தான்பா பார்க்கறேன்."

பின்வாசல்

அன்று சாயங்காலமே பாய் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் தெருவுக்குப் போனேன். மூத்தவரை இழுக்கலாமா என்ற மரியாதையெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. தெருமுனைவரை முரண்டு பிடித்தவர், வாசல் தெரிந்ததும் பூனைக்குட்டி போல வந்தார். முன்வாசலில் அதே படுதா தொங்கிற்று. "அக்கா, நான் பொன்னு வந்திருக்கேன். கூட ஒருத்தரும் வந்திருக்கார்" என்றேன். உள்ளே வளையல் சத்தம் நின்றது.

அவ்வளவுதான். இந்தப் பக்கமும் பேச்சில்லை, அந்தப் பக்கமும் பேச்சில்லை. கடலில் தொண்டை கிழியக் கத்தின மனுஷர், ஈரத் துண்டைப் பிழிவதுபோல் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டு நின்றார். அக்கம்பக்கத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. ஏணிக்கு மேலே பேச்சு நின்றுபோனால் கீழே நிற்கிறவனுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு. இன்னும் ஒரு நிமிஷம் போனால் இவர் திரும்பிவிடுவார், அப்புறம் ஜன்மத்துக்கும் வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் காதுக்கருகில் குனிந்து, "பேசுங்க பாய். கீழ ஆள் இருக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். அத்தனை வருஷக் கதையிலிருந்து என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் காத்திருந்தேன். அவருக்குத் தெரிந்த முதல் வார்த்தைதான் வந்தது. "ஜுலேகா, இங்கதான் கீறேன்" என்றார். படுதாவுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது, அது விசும்பலா, வாசனை பிடித்ததா, இரண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொல்லையிலிருந்து அன்று வந்த அதே விறகுப் புகை வந்தது, கூட வேப்பிலை வாசனையும் இருந்தது. இத்தனை வருஷமும் சாயங்காலமானால் அந்த அடுப்பு எதற்கு எரிந்தது என்று அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. பிறகு, ஒருவரை ஸ்டேஷனுக்கும் பம்பாய்க்கும் துரத்தின அதே குரல், அதே வார்த்தையைச் சொல்லிற்று:

"பின்னாடி வாங்க. சுடுதண்ணி ஆறுது."

கோழியின் வயிற்றில் நின்று நான் கேட்ட பேச்சையெல்லாம் அன்றிலிருந்து ஜுலேகா அக்கா பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார், தோல் ஷாப்பில் கழுதைக்குத் தீனி போடுகிற எனக்குத்தான் இப்போது தலைக்குமேல் சத்தமில்லாமல் வேலையே ஓடவில்லை.